அன்று காலை அய்யா என்ன சாப்பிட்டார்

1

அய்யாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குத் தோட்டத்து ஓடைக்கரையில் கூடியிருந்தவர்கள்: நான், அண்ணன் மாரிமுத்து, அண்ணி, அவர்கள் மகள் செல்லம்மா, எங்கள் பெரிய கங்காணி, மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர், முடி எடுக்க வந்த நாவிதர். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் துறையூர்ப் பக்கம் எங்கள் ஊரிலேயே இருக்கும் வள்ளியக்கா. மற்றவர் அய்யா. அவரும் ஊரில்தான் இருந்தார். கட்டிலில் படுத்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகள் வருவார்கள் என்று உயிரோடு இருந்தார்.

இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. வருஷம் ஒன்று ஆகப்போகிறது. அடுத்த வாரம் தலைத்திவசம்.  ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் எங்களைப் பைத்தியக்காரர்கள் என்பீர்கள். ஆனால் அந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைத்திருந்தால் நீங்களும் அதையேதான் செய்திருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது ஸ்பிரிங்வெளிக்கு அப்பால், பதுளையிலிருந்து அரை நாள் நடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அண்ணன் மீசை முளைக்கும் முன்பே இங்கே வந்து தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தவன். அவன் அனுப்பிய பணத்தில் அய்யா என்னைப் படிக்கவைத்தார். தமிழ் நன்றாக வரும். இங்கிலீஷ், மனு எழுதும் அளவுக்கு வரும். அதனால் லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

கடிதம் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. எடுத்ததும் சத்தமாகப் படித்துவிடக் கூடாது. முதலில் மனதுக்குள் படிக்க வேண்டும். சாவுச் சேதி என்றால் முகத்தில் காட்டாமல் மடித்து, பக்கத்தில் நிற்கும் பெரியவருக்குக் கண்ணால் தெரிவிக்க வேண்டும். அவர் கடிதத்துக்குரிய ஆளைக் கூப்பிட்டு, "மொதல்ல சாப்புடப்பா" என்பார். வயிறு நிறைந்த பிறகு, "சரி, போயித் தலை முழுகிட்டு வா" என்பார். அந்த ஆள் அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்குவான். யார் வாயிலும் சாவு என்ற சொல் வந்திருக்காது.

இதை நான் ஒரு நல்ல வழக்கம் என்றே நம்பியிருந்தேன்.

2

நாலு வருஷத்துக்கு முன் ஆத்தா இறந்தபோது எங்களுக்கு வந்த கடிதம் இது: "ஆத்தாளுக்குத் தேக சௌக்கியம் இல்லை. இந்தக் கடிதத்தைத் தந்தி போல் பாவித்து இருவரும் உடனே புறப்பட்டு வரவும்." எங்கள் ஊரில் தபால்காரர்தான் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருவார், வந்ததைப் படித்தும் காட்டுவார். அவருடைய கையெழுத்து.

நான் அப்போது தோட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கடிதத்தில் உள்ளதை அப்படியே நம்பினேன். பண்டாரவளையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, வழியெல்லாம் அண்ணனிடம் "டாக்டரைப் பாத்தாங்களா இல்லையான்னு தெரியலையே" என்று புலம்பிக்கொண்டு போனேன்.  தனுஷ்கோடியில் இறங்கியதும்தான் அண்ணன் சொன்னான்.

"தம்பி, ஆத்தா இல்லடா."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"கடுதாசியிலதான் எழுதியிருக்கே."

ஊர் போய்ச் சேர்ந்தபோது ஆத்தாவைக் கொண்டுபோய் பதினோரு நாள் ஆகியிருந்தது. அண்ணனுக்கு அது அழுகை. எனக்கு அழுகையோடு கோபமும். பத்து வருஷம் எழுத்துப் படித்தவனுக்குத் தெரியாதது எழுத்தே தெரியாதவனுக்குத் தெரிந்திருக்கிறது. காரியம் முடிந்த மறுநாள் அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

"இனிமே எதுவா இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுக்கா. செத்துட்டா செத்துட்டாங்கன்னு எழுது. சொகமில்லேன்னா சொகமில்லேன்னு எழுது. ரெண்டும் ஒன்னா இருந்தா நான் எதைன்னு நெனைக்கிறது?"

"சரிடா. அப்பிடியே எழுதச் சொல்றேன்" என்றாள் அக்கா.

சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த அய்யா குறுக்கே புகுந்தார். "எனக்கு ஒன்னுன்னா நானே கூட இருந்து சரியா எழுதச் சொல்றேன். நீ ஒன்னும் வெசனப்படாத."

ஆத்தா போனபின் அவர் எங்களைச் சிரிக்கவைத்தது அப்போதுதான்.

3

போன வருஷம் வந்த கடிதம்: "அய்யாவுக்குத் தேக சௌக்கியம் இல்லை. இந்தக் கடிதத்தைத் தந்தி போல் பாவித்து இருவரும் உடனே புறப்பட்டு வரவும்."

அதே கையெழுத்து. அதே வாக்கியம். கடிதம் எழுதி ஆறு நாள் ஆகியிருந்தது.

நான் மனதுக்குள் படித்தேன். மடித்தேன். அண்ணனைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்து, "அண்ணனுக்குச் சோறு போடுங்க அண்ணி" என்றேன். அண்ணன் கையைக் கழுவாமலே உட்கார்ந்துவிட்டான்.

"அய்யாவா?"

"ம்."

"என்னைக்கு?"

"என்னைக்குன்னு போடல. கடுதாசி ஆறு நாளைக்கு முந்தி எழுதினது."

அண்ணி தலைமயிரை அவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அடுத்த காம்பரா அறைகளிலிருந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள். நான் ஊரில் அக்காவிடம் போட்ட சண்டை அப்போது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. 'அக்கா சரி என்றாளே, உள்ளபடிதான் எழுதியிருப்பாளோ' என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, அக்காதானே சொன்னாள், எழுதியது தபால்காரர் அல்லவா, அவர் எப்போது மாறினார் என்றும் தோன்றியது. அதை அண்ணனிடம் சொன்னேன்.

"தம்பி, ஆசைக்கு நாமளே ஒன்னு சொல்லிக்கிறதுதான். போன தடவை நீ இப்பிடித்தான் டாக்டரு டாக்டருன்னு வந்தே" என்றான் அவன்.

 போன தடவை ஏமாந்தவன் நான். இந்தத் தடவை விவரமானவனாக இருக்க விரும்பினேன். உண்மை அதுதான்.

உயிர் போன பிறகு ஓடி என்ன ஆகப்போகிறது, நாம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், இருக்கிற பணத்தில் இங்கேயே முறையாகச் செய்துவிடலாம் என்று அண்ணன் முடிவு பண்ணினான். கடிதத்தின் தேதியிலிருந்து பதினாறு எண்ணி நாள் குறித்தோம். இந்தத் தேதியில் காரியம் வைத்திருக்கிறோம், மனதைத் தேற்றிக்கொள் என்று அக்காவுக்கு மறுநாளே எழுதிப் போட்டேன். தோட்டத்தில் லீவு வேண்டும் என்பதற்காகத் துரைக்கு இங்கிலீஷில் ஒரு மனுவும் எழுதினேன். "என் தகப்பனார் இறந்துவிட்டார்" என்பது அதன் முதல் வாக்கியம். தமிழில் அந்தச் சொல்லை அண்ணனிடம் என்னால் சொல்ல முடியவில்லை. இங்கிலீஷில் கை தயங்காமல் ஓடியது. எழுதியபின், பிழையில்லாமல் எழுதியிருக்கிறோம் என்று ஒரு சின்னத் திருப்திகூட வந்தது.

4

காரியத்துக்கு வேண்டிய சாமான் வாங்கப் பதுளைக்குப் போனேன். கடைவீதியில் எங்கள் தோட்டத்து ஆட்கள் வழக்கமாகத் துணி எடுக்கும் பாய் கடை. கோடி வேட்டி கேட்டதும் பாய் விஷயத்தை விசாரித்தார். சொன்னேன்.

"மவுத்தான சேதி தந்தியில வந்திச்சா?"

"இல்ல பாய், கடுதாசி. சொகமில்லேன்னு எழுதியிருந்தாங்க."

பாய் அளந்துகொண்டிருந்த துணியை நிறுத்தினார். "சொகமில்லேன்னா சொகமில்லாம இருக்காருன்னுதானே?"

"எங்க பக்கம் அப்பிடித்தான் பாய் எழுதுவாங்க."

"எந்தப் பக்கமா இருந்தா என்ன, அந்தா இருக்கு தந்தியாபீசு. ஒரு வரி கேட்டுட்டு வாங்க வாத்தியாரே. வேட்டி எங்கயும் ஓடிப்போகாது."

போனேன். அங்கே ஒரு தாளைக் கொடுத்தார்கள். இங்கிலீஷில் 'தகப்பனார் உயிரோடு இருக்கிறாரா' என்று எழுதினேன். குமாஸ்தா சொற்களை எண்ணி, ஒரு ரூபாய் என்றார். மடியிலிருந்து ரூபாயை எடுத்தேன்.

அப்போது அந்தத் தந்தி எங்கள் ஊருக்குப் போய்ச் சேருவதை நினைத்துப் பார்த்தேன். தபால்காரர் எங்கள் வாசலில் நின்று அதைத் தமிழில் சொல்ல வேண்டும். "வள்ளி, உங்கய்யா உசிரோட இருக்காரான்னு உன் தம்பி கேக்குறான்." செத்தவர் வீட்டில் அப்படிக் கேட்டால் அது கேலி. உயிரோடு இருக்கிறவர் காதில் விழுந்தால் அது சாபம். இரண்டில் எதுவானாலும் பிள்ளை கேட்கும் கேள்வி இல்லை. இங்கிலீஷில் அது ஒரு கேள்வியாக மட்டும் இருந்தது. தமிழில் நினைத்ததும் அதைக் கேட்கிற பிள்ளையின் முகமும் சேர்ந்து தெரிந்தது.

தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். அந்த ரூபாயோடு பாய் கடைக்குப் போய், "எடுங்க பாய்" என்றேன்.  அவர் வேட்டியை மடித்துக் கொடுத்தார்.

5

இடையில் இந்த வாரத்துச் சேதி ஒன்று. கீழ் லயத்துக் காத்தாயி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் பிரிப்பதற்கு முன்பே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் இப்போதெல்லாம் மனதுக்குள் படிப்பதில்லை. எடுத்ததும் எல்லார் முன்னாலும் சத்தமாகவே படிக்கிறேன். "உன் தங்கச்சிக்குக் காய்ச்சல். படுத்துக்கிடக்கிறாள்" என்று படித்ததும் காத்தாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இரு. இன்னும் இருக்கு. 'இன்று காலை ரசஞ்சோறு ரெண்டு கவளம் சாப்பிட்டாள். உப்பு இல்லை என்று திட்டினாள்.'"

காத்தாயி நிமிர்ந்தாள். "திட்டினாளா?"

"திட்டினதாத்தான் எழுதியிருக்கு."

"அப்ப அவதான். அவ இருக்கா."

இங்கிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இப்போது நான் ஒரு வரி சேர்க்கிறேன். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், எழுதுகிற அன்று காலை அவர் என்ன சாப்பிட்டார் என்று சேர்த்து எழுதுங்கள் என்று. சாவை மறைக்கிறவர்கள்கூட அதுவரைக்கும் போய்ப் பொய் எழுத மாட்டார்கள் என்று நம்புகிறேன். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. அது எப்படி வந்தது என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

செல்லம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மலையிலேயே பிறந்தவள். துரைமார் பேசும் மொட்டைத் தமிழும் கடைத்தெருச் சிங்களமும் கலந்துதான் அவளுக்குப் பேச்சு. ஊர் வழக்கம் ஒன்றும் ஏறவில்லை. எவர் வீட்டில் எவர் படுத்தாலும், "செத்துப் போச்சா, இல்லையா?" என்று நேராகக் கேட்டு அண்ணியிடம் வாயில் அடி வாங்குவாள். முன்பெல்லாம் நானும் அவளை அதட்டியிருக்கிறேன். இப்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

6

காரியம் முடிந்த மூன்றாம் நாள் தபால் வந்தது. அக்காவின் பதில் என்று பிரித்தேன். தபால்காரரின் கையெழுத்துதான். ஆனால் பேச்சு அவருடையது இல்லை.

"மாரிமுத்துக்கும் சின்னவனுக்கும் அய்யா எழுதுவது. நீங்கள் போட்ட கடுதாசியைப் படித்துக் கேட்டேன். நான் இன்னும் சாகவில்லை. காலில் நீர் கோர்த்து எழுந்திருக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். இன்று காலை கேப்பைக் கூழ் ஒரு செம்பு குடித்தேன், வெங்காயம் கடித்துக்கொண்டேன். சுருட்டுக் கேட்டேன், வள்ளி தரமாட்டேன் என்கிறாள். காரியத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் டிக்கெட்டு எடுங்கள். எனக்குப் படைக்க வாங்கின சுருட்டை மடியில் கட்டிக்கொண்டு வரவும்."

நான் சத்தமாகப் படித்தேனா, மனதுக்குள் படித்தேனா என்று நினைவில்லை. அண்ணன் தன் மொட்டைத்தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். "அக்காதான் நம்ம மனசு ஆறட்டும்னு எழுதச் சொல்லியிருக்கும்" என்றான். அய்யாவின் கடிதத்தையும் அவன் பழைய மாதிரியே படித்தான். நான் அந்த ஒரு வரியைத் திரும்பப் படித்தேன். "வெங்காயம் கடித்துக்கொண்டேன்."

 "அய்யாதான்டா" என்றான் அண்ணன்.

ஓடைக்கரையில் அவருக்குப் படைத்த சுருட்டுக் கட்டில் இரண்டு மீதி இருந்தது. அண்ணி அவற்றைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள்.

7

மறுநாள் காலை பெரட்டில், ஆட்களை நிறுத்திப் பேர் வாசிக்கும் இடத்தில், துரை முன்னால் நின்றோம். ஊருக்குப் போக லீவு வேண்டும், அய்யாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

துரை கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். புத்தகத்தைப் புரட்டினார்.

"கொப்பர் செத்துப்போனார் எண்டு நீர்தானே எழுதித் தந்தனீர்? ரெண்டு நாள் லீவும் எடுத்திருக்கிறியள்."

"ஆமாங்க. ஆனா அவர் சாகலைங்க."

பெரட்டில் நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. "ஒன் அப்பன் எத்தனை தரம் சாகுறது?" என்றார் தன் தமிழில்.

முதல் கடிதத்தையும் இரண்டாவது கடிதத்தையும் நீட்டினேன். கிளாக்கர் இரண்டையும் இங்கிலீஷில் சொன்னார். துரை என் மனுவையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். என்னை ஏதோ கணக்குத் தவறிய பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இந்தக் காயிதம், சொகமில்லேன்னு சொல்லுது. நீ படிச்ச ஆள். படிச்சிட்டு, செத்ததுன்னு எழுதினது. ஏன்?"

 இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் கேட்கிறது. சாவைச் சொல்ல மனம் வராமல் நாங்கள் நோயின் பேச்சை எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டோம். பிறகு ஒருவர் நிஜமாகவே நோயில் விழுந்தபோது, அதைச் சொல்ல எங்களிடம் பேச்சு மீதி இல்லை. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனது. அன்று அவர் முன்னால், "தப்பா நெனச்சிட்டோங்க" என்று மட்டும்தான் சொன்னேன்.

"பொய்" என்றார் துரை. அதோடு பெரட்டு கலைந்தது.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்ததை நானே நம்பவில்லை. அவர் எப்படி நம்புவார்? பெரிய கங்காணி தினமும் பங்களாவுக்கு நடந்தார். திரும்பி வராவிட்டால் நான் பொறுப்பு என்று சொல்லி, ஐந்தாம் நாள் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அன்றே வண்டி பிடித்துப் பண்டாரவளைக்குப் போய் ரயில் ஏறினோம்.

8

நாலு நாள் பயணம். வழியில் எங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும், இரண்டு மொட்டைத்தலைகளையும் பார்த்து, "யாருப்பா தவறிட்டாங்க?" என்று இரக்கத்தோடு கேட்டார்கள். கப்பலில் ஒரு கிழவர் எங்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அண்ணன் ஒவ்வொருவரிடமும், "யாரும் இல்லீங்க, வேண்டுதல்" என்றான்.

எங்கள் தெருவில் திரும்பும்போது வாசலில் கட்டில் நிமிர்த்திச் சாத்தியிருந்தது.

அய்யா போய் மூன்று நாள் ஆகியிருந்தது. முதல் கடிதம் கண்டவுடன் புறப்பட்டிருந்தால் அவரோடு பதினைந்து நாள் இருந்திருப்போம். பெரட்டில் என்னை நம்பியிருந்தால்கூட இரண்டு நாள். கொள்ளி வைத்தது அக்காவின் வீட்டுக்காரர்.

அக்கா வெளியே வந்தாள். அழவில்லை. முதலில் அண்ணன் தலையைப் பார்த்தாள், பிறகு என் தலையை.

"உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னியே தம்பி. எழுதினேனே" என்றாள்.

அய்யா எங்கள் கடிதத்தைக் கேட்ட அன்று நடந்ததைப் பிறகு அவள்தான் சொன்னாள். தபால்காரர் படித்துக்கொண்டே வந்து, காரியம் என்ற இடத்தில் நிறுத்திவிட்டாராம். அய்யா "மேல படிங்க" என்றாராம். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நான் எப்பச் செத்தேன்னு தேதி போட்டிருக்கானுகளா?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அவரும் சிரித்தாராம். சாவுச் சேதி பொய்யாக வந்தால் ஆயுசு கெட்டி என்று தபால்காரர் சொன்னதற்கு, "இருக்கட்டும், ஆனா பயலுக கஞ்சி குடிக்காம அழுதுக்கிட்டு இருப்பானுக. சீக்கிரம் எழுதுங்க" என்றாராம். அதன் பிறகுதான் அந்தக் கூழும் வெங்காயமும். எழுதச் சொன்னதே அவர்தான். "அதைப் போட்டாத்தான் நம்புவானுக" என்றாராம்.

அன்று பிற்பகல் பங்காளிகள் நாவிதரைக் கூட்டிவந்தார்கள். மூத்த பிள்ளை தலை கொடுக்க வேண்டும். அண்ணன் கிணற்றடியில் உட்கார்ந்தான். நாவிதர் கத்தியைத் தண்ணீரில் நனைத்தார். அண்ணன் தலையைத் தடவிப் பார்த்தார். இன்னொரு முறை தடவினார்.

"ஏற்கெனவே எடுத்தாச்சேப்பா. இப்பத்தான் அரும்புது, இதுல கத்தி வச்சா தோலு போயிருமே."

"வைங்க" என்றான் அண்ணன். "தோலு போனாலும் பரவால்ல."

நாவிதர் கத்தியைத் துடைத்து மடக்கினார். கிண்ணத்துத் தண்ணீரை மட்டும் அண்ணன் தலையில் ஊற்றினார். பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாய்க்கால் மேட்டில், அய்யாவை எரித்த இடத்தில், நான் அந்த இரண்டு சுருட்டுகளையும் வைத்துவிட்டு வந்தேன்.

தோட்டத்துக்குத் திரும்பிய வாரம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னான். எழுதினேன். ஓடைக்கரைக் காரியம், கோடி வேட்டி, இங்கத்து நாவிதருக்கு, இரண்டு பேருக்கும் போக வர ரயிலும் கப்பலும், வேலைக்குப் போகாமல் பேர் விழாமல் கூலி போன நாட்கள், ஊரில் இரண்டாவது பதினாறாம் நாள். கிழித்த தந்திக்கு ஒரு ரூபாய் ஆகியிருக்கும் என்பதை மட்டும் எழுதவில்லை. கூட்டிச் சொன்னேன்.

"திரும்பக் கூட்டு" என்றான்.

திரும்பக் கூட்டினேன். அதேதான் வந்தது. எழுபத்து மூன்று ரூபாய் நாற்பது சதம்.